பிள்ளையாருக்கு வலப்பக்கம்

ஆகஸ்ட் 3, வியாழன்

ஸ்கேனர் வந்து இறங்கிவிட்டது. ஓசூரில் இருக்கும் மகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பியிருக்கிறான். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் கம்பம் ஏறியவனுக்கு இதன் ஒயரைச் செருக அரை நாள் ஆயிற்று என்பதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். எழுபத்தைந்தில் ஜப்பானில் ஒரு கேமரா வாங்கி வந்து, லீவில் வரும்போதெல்லாம் ஊரையே எடுத்துத் தள்ளினார். போன மாசியில் அவர் காலமானதும் மதினி மூன்று பிஸ்கட் டப்பாக்களை என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். உள்ளே நெகடிவ்களும், அட்டைச் சட்டம் போட்ட ஸ்லைடுகளும். பாதிக்கு மேல் பூஞ்சை.

பகவதி கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "இம்புட்டையும் எப்ப முடிப்பீக?"

"ரெண்டு மாசம்."

"ஃபேன் ரெகுலேட்டரை மாத்த மூணு வருசம் ஆச்சு," என்றுவிட்டு அடுக்களைக்குப் போனாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இவள் இப்படித்தான்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

முப்பத்திரண்டு நெகடிவ்கள் முடிந்தன. தூசிதான் எமன். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள், திரையில் மதினி மூக்கில் மருவாக வந்து உட்காருகிறது. பிலிமுக்கு இரண்டு முகம், ஒன்று வழவழப்பு, ஒன்று மங்கல். எந்த முகம் கீழே இருக்க வேண்டும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறான். பத்துப் பக்கம் இங்கிலீஷ். நான் படங்களை மட்டும் பார்த்தேன், போதும்.

ஆகஸ்ட் 9, புதன்

கோயில் கமிட்டித் தலைவர் ஆவுடையப்பன் மூச்சு வாங்க வந்தார். எண்பத்தொன்றில் எங்கள் மேலப்பனையடிப் பிள்ளையார் கோயிலில் திருடு போன ஐம்பொன் பிள்ளையார் கிடைத்திருக்கலாமாம். சென்னையில் ஒரு வியாபாரியின் குடோனில் பதினேழு சிலைகளைப் பிடித்திருக்கிறார்கள். அதில் ஓரடிப் பிள்ளையார் ஒன்று. "மலையடிவார ஊர், கோயில் பின்சன்னல் கம்பியை அறுத்து எடுத்தோம்" என்று பிடிபட்டவன் சொல்லியிருக்கிறான். ஊர்ப் பெயர் நினைவில்லையாம். கீழக்கோட்டைக்காரர்களும் தங்களுடையது என்கிறார்கள். அவர்கள் கோயிலும் அதே காலத்தில் பறிகொடுத்த கோயில்தான்.

"போட்டோ வேணுமாம் அண்ணாச்சி. ஊரு பூரா தேடிட்டேன், ஒரு வீட்டுலயும் இல்ல. ஒம்ம அண்ணன் எடுத்திருப்பாருல்லா?"

தேடுகிறேன் என்றேன். அந்தத் திருட்டுக்குக் கோயில் காவல்காரரைத்தான் பிடித்தார்கள். பூட்டு உடையவில்லை, சாவி அவரிடம்தான் இருந்தது. சன்னல் கம்பி அறுந்திருந்தது உண்மை. ஆனால் அது எப்போதோ அறுந்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள், ஏனென்றால் ஒரு சாட்சி இருந்தது. மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். கேஸ் நிற்கவில்லை, அவர் பெயரும் நிற்கவில்லை. ஒன்பது வருடம் கழித்துச் செத்தார். அப்போது ஊரில் பலரும் பலதும் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 10, வியாழன்

கிடைத்துவிட்டது.

மூன்றாவது டப்பாவில், அடியில். ஸ்லைடின் அட்டைச் சட்டம் ஊறிப் பூஞ்சையோடு ஒட்டிக்கிடந்தது. பிளேடால் கீறி, பிலிமை மட்டும் பிரித்தெடுத்து, துடைத்து ஸ்கேனரில் வைத்தேன். திரையில் வரி வரியாகப் பிள்ளையார் இறங்கி வந்தார். வெள்ளிக் கவசம் இல்லை, மாலை இல்லை, அபிஷேகத்துக்கு முந்திய கோலம். ஒரு காது மடலில் சுண்டைக்காய் அளவு உடைவுகூடத் தெரிகிறது.

ஆவுடையப்பன் குருக்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். சின்ன வயதுக் குருக்கள், ஊருக்கு வந்து ஆறு வருடம்தான் ஆகிறது. திரையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மாமா, இது வலம்புரி."

"எப்படிச் சொல்லுதீரு? தும்பிக்கை நமக்கு இடப்பக்கம்லா இருக்கு?" என்றார் ஆவுடையப்பன்.

"நமக்கு இடம்னா சுவாமிக்கு வலம். சுவாமியோட பக்கத்தைத்தான் பாக்கணும். நூத்துல ஒண்ணுகூட வராது இப்படி."

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செல்போனில் பிள்ளையார். பழைய ஆட்கள் எல்லோருக்கும் திடீரென்று நினைவு வந்துவிட்டது. ஆமா ஆமா, வலம்புரிதான், எங்க அய்யா சொல்லுவாரு என்கிறார்கள். நேற்றுவரை ஒருவருக்கும் தும்பிக்கை எந்தப் பக்கம் என்று தெரியாது. கவசத்துக்குள்ளேயே பார்த்த கூட்டம்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

மாடத்தி ஆப்பம் கொண்டு வந்தாள். எங்கள் தெருமுனையில் ஆப்பக்கடை வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஆறு ஆப்பம் வாடிக்கை. அந்தக் காவல்காரரின் மகள். திருட்டு நடந்தபோது பன்னிரண்டு வயது, அதோடு பள்ளிக்கூடம் நின்றது.

படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க பிள்ளையார்தான் அண்ணாச்சி. மூஞ்சி அதேதான். ஆனா தும்பிக்கை இந்தப் பக்கம் இல்லியே."

"படத்துல இருக்குல்லா?"

"நான் சின்னதுல விளக்குக்கு எண்ணெய் ஊத்தப் போவேன். தூண்டாமணி விளக்கு அந்தப் பக்கம் தொங்கும். தும்பிக்கை விளக்கை எட்டிப் புடிக்கப் போற மாதிரி இருக்கும். நான் அப்பாட்ட சொல்லிச் சிரிப்பேன். இதுல விளக்கு இந்தப் பக்கம்லா இருக்கு?"

"பன்னெண்டு வயசுல பாத்தது உனக்கு மறந்திருக்கும். போட்டோ பொய் சொல்லுமா?" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

அவள் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். வாசல்படியில் நின்று, "கம்பியை அறுத்துத்தான் எடுத்தானுவன்னு அவனே சொல்லிட்டானாம்லா. பிள்ளையாரு நம்மளுதுன்னு ஆயிட்டா, அப்பா மேல உள்ளது போயிரும்லா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

போகும் என்றேன். ஆப்பம் ஒன்றுதான் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பேருந்து நிறுத்தத்தில் பிளக்ஸ் கட்டிவிட்டார்கள், 'அபூர்வ வலம்புரி விநாயகரே, வருக'. கீழே ஆவுடையப்பன் பிள்ளையாரைவிடப் பெரிதாகக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். ஓரத்தில் 'புகைப்பட உதவி: திருமலைக்கொழுந்து, மின்வாரியம் (ஓய்வு)'. மனுவும் போய்விட்டது. வலம்புரி, வலது காது மடலில் உடைவு என்று நானே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஆகஸ்ட் 16, புதன்

அதே டப்பாவில் இன்னும் ஏழு ஸ்லைடுகள். எல்லாச் சட்டமும் ஊறிப்போய்விட்டதால் எல்லாவற்றையும் பிரித்துத்தான் வைத்தேன். தென்காசிப் பேருந்தின் படம் ஒன்று. போர்டில் உள்ள எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறி விழுந்தது. பிலிமைப் புரட்டி வைத்தேன், சரியாக வந்தது. இனி மங்கல் முகம் எது என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

பிள்ளையார் பிலிமை அன்று எப்படி வைத்தேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

இன்று ஸ்கேனர் பக்கம் போகவில்லை. மோட்டாருக்கு வால்வு மாற்றினேன். ரெகுலேட்டரையும் மாற்றிவிட்டேன். பகவதி, "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றாள்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஆப்பம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். வயிறு சரியில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

சிலைத் திருட்டை விசாரிக்கும் அதிகாரியிடமிருந்து கமிட்டிக்குக் கடிதம். பிடிபட்ட சிலை இடம்புரி. உடைவு இடது காது மடலில். மனுவோடு பொருந்தவில்லை. ஆட்சேபம் இருந்தால் இருபத்தொன்பதாம் தேதி திருநெல்வேலியில் விசாரணை. எண்பத்தொன்றாம் வருடத் திருட்டு ஃபைலும் அன்று பரிசீலிக்கப்படும்.

ஆவுடையப்பன் கடிதத்தை என் மேசையில் போட்டுவிட்டு நாற்காலியில் சரிந்தார். "போச்சு. அது நம்ம பிள்ளையார் இல்ல. கீழக்கோட்டைக்காரன் தூக்கிட்டுப் போயிருவான். நாம போவாண்டாம் அண்ணாச்சி, போய் அசிங்கப்படவா?"

அவர் போனதும் பகவதி கடிதத்தை எடுத்து வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள்.

"தும்பிக்கையும் பக்கம் மாறிருக்கு. காதும் பக்கம் மாறிருக்கு. அன்னிக்கு பஸ் படத்தைப் புரட்டிப் போட்டீகளே, அந்த மாதிரி இதையும் புரட்டணுமோ?"

நான் கடிதத்தை வாங்கி மடித்தேன்.

"தெரியுமா ஒங்களுக்கு?"

"புதன்கிழமையே தெரியும்."

"பிள்ளையாருக்குத் தும்பிக்கையைத் திருப்பிட்டீக. ஒரு வார்த்தையைத் திருப்ப முடியலியாக்கும்," என்றாள். வழக்கமாக இப்படி ஏதாவது சொல்லிவிட்டுச் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை. போய் ஆவுடையப்பனிடம் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். நாளைக்கு என்றேன்.

ஆகஸ்ட் 23, புதன்

போகவில்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

பிளக்ஸில் என் பெயர் இருப்பதால் வெட்கப்படுகிறேன் என்று பகவதி நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது கொஞ்சம்தான். புரட்டி வைத்துவிட்டேன் என்று சொல்ல இரண்டு நிமிடம். ஊர் இரண்டு நாள் சிரிக்கும், பிறகு மறந்துவிடும்.

பயம் ஃபைலைப் பற்றி. எழுத உட்கார்ந்து இந்தப் பேனாவை மூன்று தடவை மூடிவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

அந்தச் சாட்சி நான். எனக்கு இருபது வயது. வெள்ளிக்கிழமை காலை பிள்ளையாரைக் காணோம் என்று ஊர் கூடி நிற்கும்போது, விடியாத நேரத்தில் காவல்காரர் தலையில் ஒரு மூட்டையோடு வாய்க்கால் பக்கம் போனதைப் பார்த்தேன் என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் எனக்கு நாற்காலி போட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். அதுவரை ஒருவரும் எனக்கு நாற்காலி போட்டதில்லை. எழுதியதில் கையெழுத்துப் போட்டேன். பெயரை வெளியே விடமாட்டோம் என்றார்கள், விடவும் இல்லை.

பார்த்தது உண்மை. ஆனால் பார்த்தது வியாழக்கிழமை. முதல் பஸ்ஸுக்குப் போனவன்தான் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போக முடியும், நான் முதல் பஸ் பிடித்தது வியாழக்கிழமை, ஐ.டி.ஐ. பரீட்சைக்கு. வெள்ளிக்கிழமை ஏழு மணிவரை தூங்கினேன். இது ஞாயிற்றுக்கிழமை எனக்கு உறைத்தது. அவர் அப்போதும் ஸ்டேஷனில்தான் இருந்தார். நான் போய்ச் சொல்லவில்லை. சொன்ன சொல்லை மாற்றினால் கேவலம் என்று நினைத்தேன். அவரை விட்டபோது இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்தார்கள். நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 26, சனி

பகவதியிடம் சொன்னேன். குழம்பை இறக்கி வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"அவ கையால ஆப்பம் வாங்கித் தின்னுக்கிட்டுல்லா இருந்தீக, இத்தனை வருசமும்," என்றாள். பிறகு என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

ஆவுடையப்பனிடம் பிலிமைப் புரட்டியதை மட்டும் சொன்னேன். முதலில் கத்தினார். பிறகு அழாத குறையாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அது நம்ம பிள்ளையாருதானா? செவ்வாக்கிழமை வந்து இதைச் சொல்லும். ஒரு வேன் பிடிக்கேன்."

மாடத்தியும் வருகிறாளாம்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

கையில் பலம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

வேனில் ஏழு பேர். மாடத்தி பின்சீட்டில், புதுச்சேலை கட்டியிருந்தாள். வழியெல்லாம் நான் பிலிம் இருந்த உறையைச் சட்டைப்பைக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதிகாரி ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். மேசைமேல் மஞ்சள் துணியில் பிள்ளையார். நாற்பத்திரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறேன். மாடத்தி சுவரோரம் நின்றபடியே கும்பிட்டாள்.

நான் பிலிமை இடுக்கியால் எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். பிலிம் ஓரத்தில் கம்பெனி எழுத்து இருக்கிறது, அது நேராக வாசிக்க வந்தால் படமும் நேர், அட்டைச் சட்டத்தை எடுத்ததால் நான் புரட்டி வைத்துவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன். அதிகாரி லென்ஸ் வாங்கிப் பார்த்தார். எழுத்தை வாசித்தார். தும்பிக்கையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், மேசைமேல் இருந்தவரைப் பார்த்தார். மெல்லத் தலையை ஆட்டினார். ஆவுடையப்பன் என் முதுகில் தட்டினார்.

அப்போது கீழக்கோட்டை வக்கீல் எழுந்தார். "மேடம், இவரு படத்தை இஷ்டத்துக்குத் திருப்புறாரு. அது கிடக்கட்டும். பிடிபட்டவன் சன்னல் கம்பியை அறுத்ததா சொல்றான். இவங்க ஊர் ஃபைல்ல, கோயில் காவலரே சாவி போட்டுத் திறந்து எடுத்துக்கிட்டுப் போனதா இருக்கு. கண்ணால பாத்த சாட்சி இருக்கு. அது உண்மைன்னா, இது அந்த ஊர் சிலையே இல்ல."

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். தாள்கள் பழுத்துப்போயிருந்தன. "சாட்சி, திருமலைக்கொழுந்து, வயது இருபது, மேலப்பனையடி..." என்று வாசித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இது நீங்கதானா?"

எனக்குப் பின்னால்தான் மாடத்தி நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தான் மேடம்."

"வெள்ளிக்கிழமை அதிகாலை கோயில் காவலர் மூட்டையோட போனதைப் பாத்ததா சொல்லியிருக்கீங்க. அது சரிதானா?"

சரி என்று சொன்னால் பிள்ளையார் கீழக்கோட்டைக்குப் போவார். எனக்கு ஒன்றும் ஆகாது. ஞாபகம் இல்லை என்று சொன்னாலும் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள், அறுபத்திரண்டு வயது. ஆவுடையப்பன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். எதற்கு மிதித்தார் என்று அவருக்கே தெரியாது.

"தப்பு மேடம். நான் பாத்தது வியாழக்கிழமை. ரெண்டு நாள்லயே எனக்குத் தெரிஞ்சிட்டு. சொல்லல."

"ஏன்?"

"கேவலமா நெனப்பாகன்னு."

அதிகாரி பேனாவை எடுத்தார். பிறகு பின்னாலிருந்து மாடத்தியின் குரல் வந்தது. என்னிடம் பேசவில்லை, அதிகாரியிடம்தான் பேசினாள்.

"அது சாம்பலும்மா. வெள்ளிக்கிழமை பூசைக்கு முன்ன மடப்பள்ளி அடுப்புச் சாம்பலை அள்ளி வாய்க்கால்ல போடணும். வியாழக்கிழமை தோறும் அப்பா போடுவாவ. ஸ்டேஷன்ல அதைத்தான் சொன்னாவளாம், சாம்பல், சாம்பல்னு. வெள்ளிக்கிழமை ஏதுலே சாம்பல்னு கேட்டு அடிச்சாங்களாம்."

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். சிலை மேலப்பனையடிக்கு உரியது, பழைய புகார் கோயில் காவலரைப் பொறுத்தவரை ஆதாரமற்றது என்று நீதிமன்றத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். வெளியே வந்ததும் ஆவுடையப்பன், "பிள்ளையாரு வாராரு. என்ன, சாதாப் பிள்ளையாரா வாராரு," என்று சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

மாடத்தி வேனில் ஏறவில்லை. பஸ்ஸில் வருகிறேன் என்று ஆவுடையப்பனிடம் சொல்லிவிட்டு, ஜங்ஷனைப் பார்த்து நடந்தாள்.

ஆகஸ்ட் 30, புதன்

காலையில் அழிகம்பிக் கதவுக்கு வெளியே நின்றாள். பகவதி உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. கையில் ஆப்பத் தூக்கு இல்லை.

"அப்பா சாகுத மட்டும் 'யாரு அந்தச் சாட்சி'ன்னுதான் கேட்டாவ," என்றாள். "எதுக்குப்பா, தெரிஞ்சு என்ன செய்யப் போறீகன்னு கேப்பேன். 'ஒண்ணும் செய்ய மாட்டேன், கெழமையை மாத்திச் சொல்லிட்டான், எடுத்துச் சொன்னா ஒத்துக்கிடுவான்'ம்பாவ."

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் நின்றேன். அதைச் சொல்ல அவள் விடவில்லை.

"கோர்ட்டு பேப்பர் எப்ப வருமோ. ஒங்க கையால எழுதித் தாங்க. கோயில் போர்டுல ஒட்டணும். அந்த பிளக்ஸ் பக்கத்துல."

மேசைக்குப் போய் எழுதினேன். நான் வியாழக்கிழமை பார்த்ததை வெள்ளிக்கிழமை என்று மாற்றிச் சொன்னேன், தெரிந்த பிறகும் மறைத்தேன், என் சாட்சியால் ஒரு குற்றமும் செய்யாத மனிதர் அடிபட்டார் என்றெல்லாம் தடையில்லாமல் வந்தது. 'கோயில் காவலர்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. எங்கள் ஊரில் அவரைக் காவக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஸ்டேஷனில் பெயரை அவர்களே எழுதிக்கொண்டார்கள், நான் கீழே கையெழுத்து மட்டும் போட்டேன். நேற்று ஃபைலிலும் அந்த வரிவரைக்கும் வாசிக்கவில்லை.

தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்தேன்.

"அப்பா பேரு என்னம்மா?"

மாடத்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பகவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சுடலைமுத்து."

"இனிஷியல்?"

"சே."

சரியாகக் காதில் விழவில்லை. 'செ' என்று எழுதிவிட்டேன். கம்பிக்கு ஊடாக எட்டிப் பார்த்தாள்.

"செ இல்ல. சே. எங்க தாத்தா பேரு சேர்மன்," என்றாள். அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடித்துத் திருத்தி எழுதினேன்.